இரவல் துக்கம்

பலெர்மோவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒருத்தியைத் திட்டப் போனேன். அதுவும் முன்பின் பார்த்திராத ஒருத்தியை.

யாழ்ப்பாணமே மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்ததற்கு அடுத்த வருஷம் அது. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். மண்டபம் அகதி முகாமில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் அருள்தாஸ் என்பவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்து மீனவர். இடம்பெயர்ந்து, மன்னார் வந்து, ஒரு படகைத் தவறவிட்டு அடுத்த படகேறி இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தவர். அவர் மனைவி ரெஜினா இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் வீட்டு வேலை செய்கிறாள்.

கரையேறியதும் அவள் வேலை செய்யும் வீட்டுக்கு மனுஷன் இரண்டு தடவை போன் செய்திருக்கிறார். இரண்டு தடவையும் எடுத்தவர் ஒரு கிழவர். யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்த இத்தாலியனில், 'நான் ரெஜினாவின் கணவன், உயிரோடு இருக்கிறேன், இந்தியாவில் இருக்கிறேன்' என்று சொல்லி, முகாமுக்கு எதிரே உள்ள டீக்கடையின் போன் நம்பரையும் ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்திருக்கிறார். புரிந்தது, சொல்கிறேன் என்றாராம் கிழவர். அதோடு சரி. ரெஜினாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

"அவளுக்கு நான் வேண்டாம் போலை, ரீச்சர். இந்த மாசம் முடியுமட்டும் பாப்பன். இல்லாட்டி வள்ளம் ஏறித் திரும்பிப் போயிடுவன். அங்கை என்ன நடந்தாலும் நடக்கட்டும்" என்றார்.

அங்கே என்ன நடக்கும் என்று அப்போது பேப்பர் படித்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாத்திரைக் கூட்டத்தோடு நான் ரோமுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும், கடிதம் எழுதக் கை வரவில்லை என்று, பேசிப் பதிவு செய்த ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்பினார். ரோமில் சாமி கும்பிட்டது பாதி, அந்தப் பெண்ணைக் கேட்கவேண்டிய கேள்விகளை மனசுக்குள் ஒத்திகை பார்த்தது பாதி. மாசம் முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. கூட்டத்தை விட்டுப் பிரிய எங்கள் பாதரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டேன்.

பலெர்மோவில் இறங்கியதும் தப்பான பஸ்ஸில் ஏறினேன். வியா மக்வேதா என்ற தெருவுக்குப் போகவேண்டியவள் ஒரேத்தோ என்ற பேட்டையில் வரிசை வரிசையாக நின்ற அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே போய் நின்றேன். துணி காயாத பால்கனி ஒன்று இல்லை. நம்மூர் முகமாக ஒருவர் வந்தார். பெயர் கேட்டேன். வீராசாமி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சுவிடாமல் தமிழில் கொட்டித் தீர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். மொரீஷியஸ்காரர், தமிழில் முருகன் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாதாம். ஆனாலும் என்னோடு பஸ் ஏறி, சரியான இடத்தில் இறக்கி, பசியாக இருப்பேன் என்று ஒரு வண்டிக்கடையில் பன் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார். பாதி தின்ற பிறகுதான் உள்ளே இருந்தது மாட்டு மண்ணீரல் என்று கடைக்காரர் தன் விலாவைத் தொட்டுக் காட்டினார். மீதியை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்.

வியா மக்வேதாவில் நடப்பதற்குத் தனி தைரியம் வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ரோடு கடந்து பழகியவள் நான், நானே இரண்டு தடவை பின்வாங்கினேன். ஸ்கூட்டர்கள் நடைபாதையிலும் வருகின்றன. அருள்தாஸ் சொன்ன வீடு ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது ரெஜினாதான். முப்பது வயதிருக்கும். தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுப்பு. வழியெல்லாம் கறுப்பு உடுத்திய பெண்களைப் பார்த்துக்கொண்டு வந்ததால் இதுவும் இந்த ஊர் உடுப்பு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் கணவனை இழந்தவளுக்கு வெள்ளைதானே.

முதலாளி வீட்டில் வைத்துத் திட்டுவது மரியாதை இல்லை. "இந்தியாவிலிருந்து வந்த டீச்சர் நான். உனக்கு ஒரு பொருள் இருக்கிறது. சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து தருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"ஆர் தந்தது, ரீச்சர்?"

"சாயங்காலம் சொல்கிறேன்."

"சரி. இப்ப வாங்கோ, சாப்பிடுங்கோ. மாயெஸ்த்ரோவுக்கு விருந்தாளியெண்டால் உயிர்."

மாயெஸ்த்ரோ என்று ஊரே அழைக்கும் அந்தக் கிழவர் ஓர் இசையமைப்பாளர். எழுபதைத் தாண்டியவர், கழுத்தில் பட்டுத்துணி. அந்தக் காலத்து ரொமான்டிக் பாணியில், உருகி உருகி எழுதுகிறவர். இந்தக் காலத்தில் இதை யார் கேட்பார்கள் என்று மற்றவர்கள் கேலி செய்தும் விடாதவர். நானும் சங்கீதக்காரி என்று தெரிந்ததும் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். எனக்குக் கூச்சத்தில் காது சிவந்துவிட்டது.

மத்தி மீனும் உலர்ந்த திராட்சையும் போட்டுப் பிரட்டிய பாஸ்தா. மீனில் திராட்சையா என்று மிரண்டேன். ரெஜினா யாருக்கும் தெரியாமல் என் தட்டில் மிளகாய்த்தூள் தூவிவிட்டாள். இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கிழவர் கேட்டார். தெற்கே, தமிழ் பேசும் பக்கம் என்று நான் சொன்னதை ரெஜினா மொழிபெயர்த்தபோது அவர் முள்கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு பேச்சை இசைக்கு மாற்றினார். அவர் சொல்லச் சொல்ல, ரெஜினா பரிமாறிக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

"சந்தோசமாய் இருக்கிறவனுக்குக் காது கேளாதாம், ரீச்சர். கொஞ்சம் சீஸ் போடட்டோ?"

"போதும். அப்புறம்?"

"பக்கத்திலை இருக்கிற ஆளின்ரை முகத்தை ஆரும் கற்பனை பண்ணுறேல்லையாம். இல்லாத ஆளைத்தான் மனம் திரும்பத் திரும்பக் கீறிப் பாக்குமாம். துக்கம் இல்லாட்டிக் கற்பனையும் இல்லையாம், கற்பனை இல்லாட்டிப் பாட்டும் இல்லையாம். இவர் எப்பவும் இப்பிடித்தான், சாப்பிடேக்கை துக்கம் கதைப்பார்."

"அவருக்கு என்ன துக்கமாம்?"

அவள் கேட்டாள். கிழவர் கையை விரித்துச் சிரித்தார்.

"ஒண்டும் இல்லையாம். பணக்கார வீட்டுப் பிள்ளையாம், வருத்தம் துன்பம் ஒண்டும் வரேல்லையாம். அதாலை வாழ்நாள் முழுக்க எழுதினது சீனித் தண்ணியாம். நான் துக்கத்திலை பாடுறதைக் கேட்ட பிறகுதான் உண்மையான இசை வருதாம்."

இவளுக்கு என்ன துக்கம், புருஷன் போனுக்குப் பதில் சொல்லாத துக்கமா என்று எனக்குள் பொருமினேன். ஆனால் கிழவர் சொன்னதை மறுக்க வாய் வரவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் நானும் அதைத்தானே சொல்கிறேன், அடிபட்டவனுக்குத்தான் பாட்டு வரும் என்று.

சாப்பிட்டு முடித்து அவள் பாத்திரம் கழுவப் போனாள். அங்கிருந்து ஒரு பாட்டு வந்தது. தவக்காலத்தில் நாங்களும் பாடும் வியாகுலப் பாட்டின் சாயல். ஆனால் இழுப்பு சாவு வீட்டு இழுப்பு. கிழவர் விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினார். பிறகு பியானோவில் உட்கார்ந்து, அதை வைத்துத் தான் எழுதியிருப்பதை வாசித்தார். பொய் சொல்லக்கூடாது, அற்புதமாக இருந்தது. நான் அழுதே விட்டேன். இவ்வளவு பெரிய கலைஞரின் வீட்டில் சாப்பிட்டேனே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சாயங்காலம் ரெஜினாவோடு போர்கோ வெக்கியோவுக்கு நடந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏழைபாழைகளின் பேட்டை. சின்னச் சந்தை, கத்தரிக்காய் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. மீன்காரர்கள் போடும் கூச்சல் நம்ம காந்தி மார்க்கெட்டைத் தோற்கடிக்கும். "சிஞ்ஞோரா, சிஞ்ஞோரா" என்று என்னையும் இழுத்தார்கள். சந்தைக்கு மேலேதான் அவள் அறை. படியேறும்போதே நான் தொண்டையைச் செருமி முதல் கேள்விக்குத் தயாரானேன்.

கதவு திறந்தது. எதிர்ச் சுவரில் அருள்தாஸ். படத்துக்குப் பிளாஸ்டிக் மல்லிகை மாலை. கீழே சின்னச் சிவப்பு பல்பு.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ. சில வாரத்துக்கு முன்னால் என் எதிரே உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துத் தின்ற மனுஷன் ஐயா அது!

"என்னம்மா இது? யார் செத்தது?"

"என்ரை அவர், ரீச்சர். இந்தியாவுக்கு வரேக்கை வள்ளம் கவிண்டு போச்சுது. எங்கடை ஊர் ஆள் ஒருத்தர் இஞ்சை இருக்கிறார், அவருக்குத்தான் செய்தி வந்தது. ஒருத்தரும் தப்பேல்லையாம். கோயிலிலை ஆத்துமப் பூசையும் குடுத்திட்டம்."

"பூசையா! ஐயோ, அவர் அந்தப் படகில் ஏறவே இல்லையே! அடுத்த படகில்தான் வந்தாராம். உயிரோடு இருக்கிறார் ரெஜினா, மண்டபத்தில் இருக்கிறார், நான் பார்த்தேன், பேசினேன்!"

அவள் முகம் இறுகிவிட்டது. சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. "பகிடிக்கும் ஒரு அளவு இருக்கு, ரீச்சர். வயசுக்கு மூத்த ஆளெண்டு பாக்கிறன்."

கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, கேசட்டை எடுத்து அவளுடைய டேப் ரெக்கார்டரில் போட்டேன். முதலில் கரகரவென்ற சத்தம், ஒரு காக்கை, பிறகு அவர் குரல்.

"ரெஜினா, நான்தான் கதைக்கிறன். ரெண்டு தரம் போன் எடுத்தனான். ஐயா எடுத்தவர், உன்னட்டைச் சொல்லுறன் எண்டவர். நீ ஏன் ஒண்டும் சொல்லேல்லை? என்னை வேண்டாமெண்டால் அதையாவது சொல்லு..."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் பின்னால் சுற்றி இன்னொரு தரம் கேட்டாள். பிறகு நாற்காலியில் ஏறி மாலையைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். பல்பை அணைத்தாள். நாற்காலியில் நின்றபடியே ஓவென்று அழுதாள், இடையிடையே சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து அழுதேன், வேறென்ன செய்ய.

உடனே போன் செய்வோம் என்றேன். ஆனால் இந்தியாவில் அப்போது ஊரடங்கும் நேரம், டீக்கடை மூடியிருக்கும். விடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மனுஷன் அதற்குள் வள்ளம் ஏறிவிடக்கூடாதே என்று மாசம் முடிய இருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணினேன். அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"ரீச்சர், ஐயா எடுத்தவர் எண்டு சொல்லுறார்."

"ஆமாம். கிழவர்தான் எடுத்திருக்கிறார்."

"வயசு போன மனுசன். விளங்கியிருக்காது. நான் ஏன் கறுப்பு உடுத்திருக்கிறன் எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்சால் சொல்லாமல் இருப்பாரோ?"

நானும் அப்படியே நினைக்க ஆசைப்பட்டேன். அந்தப் பியானோவை வாசித்த கைக்குச் சொந்தக்காரர் அப்படிச் செய்வாரா?

மறுநாள் காலை ரெஜினா மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டாள். அவருடைய போனில்தான் பேசவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். கிழவர் காப்பிக் கோப்பையோடு பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் காப்பி, நம்மூரில் குழந்தைக்கு மருந்து ஊற்றும் அளவுதான். அவர் நிமிர்ந்து மஞ்சள் சட்டையைப் பார்த்தார். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. நாங்கள் வாயைத் திறக்குமுன் அவரே ஏதோ கேட்டார்.

ரெஜினா என் பக்கம் திரும்பாமலே மொழிபெயர்த்தாள்.

"என்ரை அவர் திரும்பவும் போன் எடுத்தவரோ எண்டு கேக்கிறார், ரீச்சர்."

அப்படியானால் கிழவருக்கு எல்லாம் தெரியும். நேற்று என் எதிரே உட்கார்ந்து துக்கம், கற்பனை என்று பேசியபோதும் தெரியும். அவள் சமையலறையில் செத்துப்போகாத புருஷனுக்காக ஒப்பாரி வைத்தபோது என்னைப் பேசாதே என்று அடக்கியபோதும் தெரியும்.

"அட பாவி மனுஷா! ஏன் சொல்லவில்லை? கேள், ஏன் சொல்லவில்லை என்று கேள்!"

அவள் கேட்டாள். கிழவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகப் பேசினார். அவள் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள், யாரோ ஒரு ரெஜினாவைப் பற்றிச் சொல்வதுபோல.

"முதல் தரம் போன் வந்த அண்டைக்கு மூண்டாம் பகுதி பாதியிலை நிண்டதாம். நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டவராம். அடுத்த நாள் ரெஜினா முந்தியைவிட நல்லாய்ப் பாடினாவாம். சொன்னால் ரெஜினா பாட்டை விட்டிடுவாவாம். இன்னும் கடைசிப் பகுதி மட்டும்தானாம். முடிஞ்ச உடனை சொல்லத்தான் இருந்தவராம். சந்தோசம் காத்திருக்குமாம், ரீச்சர். பாட்டு காத்திராதாம்."

"அந்த மனுஷன் வள்ளம் ஏறிச் செத்திருந்தால்?"

அதையும் அவள் கேட்டாள். கிழவர் பியானோமேல் கிடந்த இசைத்தாள்களை அடுக்கினார். எனக்கு அந்தப் பியானோவை ஜன்னல் வழியே வியா மக்வேதாவில் தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. முந்தின நாள் அதன் முன்னால் நான் விட்ட கண்ணீரை நினைக்க நினைக்கக் கூசியது.

ரெஜினா போய் டெலிபோனை எடுத்து நான் கொடுத்த டீக்கடை எண்களைச் சுழற்றினாள். நெடுநேரம் கழித்து மணி போயிற்று. டீக்கடைக்காரரின் சத்தம் எனக்கே கேட்டது. "யாரு, இத்தாலியா? அருள்தாசா? நேத்து வள்ளக்காரன்கூடப் பேசிட்டிருந்தானே... இரும்மா, ஆளு இருக்கானான்னு பார்த்துட்டு வர்றேன்."

காத்திருந்தோம். லைன் கரகரத்தது. அவள் உதடு செபங்களை ஒன்றோடொன்று குழப்பி முணுமுணுத்தது. நான் தெரிந்த மாதாக்களையெல்லாம் கூப்பிட்டேன், இந்த ஊர் மலையில் இருக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவையும் விடவில்லை. திடீரென்று ரெஜினாவின் முகம் கோணியது.

"இஞ்சருங்கோ!" என்று கத்தினாள். "வள்ளத்திலை காலை வைச்சியளோ, பிறகு என்னை மனுசி எண்டு சொல்லப்படாது! உங்களுக்கு ஆத்துமப் பூசையும் குடுத்து, வந்தவைக்குச் சாப்பாடும் போட்டிட்டன். இனி நீங்கள் சாகேலாது, விளங்குதோ? ஓம்! ஓம், நான்தான்! வேண்டாமெண்டு ஆர் சொன்னது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை!"

அப்புறம் அழுகையும் ஏச்சும் கொஞ்சலுமாக அவள் குரல் ஏறி இறங்கியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். பாருங்கள், கிழவரின் கை பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தது! கண் அவள்மேல், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, விரல்கள் மட்டும் பியானோமேல் தடவிக்கொண்டே போயின. பாய்ந்து அந்தப் பென்சிலை முந்தி எடுத்துக்கொண்டேன். அவர் குழந்தையைப் போல என்னை ஏறிட்டுப் பார்த்தார். தான் செய்ததில் என்ன தப்பு என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

ரெஜினா போனை வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். கிழவர் ஏதோ கேட்டார். நாளைக்கு வேலைக்கு வருவாயா என்று கேட்டிருக்கிறார்.

"வருவன் எண்டு சொன்னனான்" என்றாள் என்னிடம்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. "பைத்தியமா உனக்கு? இந்த ஆள் வீட்டுக்கா?"

"என்ரை பெர்மெஸ்ஸோ இவற்ரை வேலையிலைதான் நிக்குது, ரீச்சர். இவர் கையெழுத்து வைச்சால்தான் குவெஸ்தூராவிலை, அந்தப் பொலிஸ் கந்தோரிலை, அவரை இஞ்சை கூப்பிட விடுவாங்கள். நான் கோவத்தைப் பாக்கிறதோ, மனுசனைப் பாக்கிறதோ?"

பெர்மெஸ்ஸோ என்ற, இங்கே தங்குவதற்கான காகிதம் எனக்குத் தேவையில்லை. நான் நாளைக்கு ரோமுக்குப் போய் என் கூட்டத்தோடு விமானம் ஏறிவிடுவேன்.

அவள் கிழவர் பக்கம் திரும்பி இத்தாலியனில் நிதானமாக, விரல்விட்டுச் சொன்னாள். கிழவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஆட்டவில்லை. இரண்டு கையையும் கூப்பாத குறையாக நீட்டி ஏதோ கெஞ்சினார். அவள் திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். "என்ன சொன்னாய்?"

"சமைப்பன், துடைப்பன், மருந்து குடுப்பன். கையெழுத்தை இண்டைக்கே வைக்கவேணும். பாட மாட்டன்."

விடைபெற்றுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கிழவர் பியானோ ஸ்டூலைச் சமையலறைப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் விழுந்தது, தட்டோடு தட்டு உரசியது, வேறு ஒரு சத்தமும் வரவில்லை.